படை வண்டியிலிருந்து சரக்கு லாரிக்கு: சித்தூர், திருப்பதிப் பகுதியில் முன்னாள் ராணுவ ஓட்டுநர்கள்

நமது முப்படைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் பணி முடித்து வெளிவருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் 35 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். சிப்பாய் ஒருவர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். ஆகவே இருபதாம் வயதில் படையில் சேர்ந்தவர், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பருவத்திலேயே வீடு திரும்புகிறார். ஓய்வூதியம் குடும்பத்திற்குத் தாங்குகோலாக இருக்குமேயன்றி முழு வாழ்க்கைக்கும் போதாது. இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கக்கூடிய உடலும் மனமும் அவரிடம் உள்ளன. அந்த உழைப்பை எங்கே செலுத்துவது என்பதே அவர்முன் நிற்கும் முதல் வினா.

இவ்வினாவிற்கு எளிதில் விடை காணக்கூடியவர்கள் படையில் வண்டி ஓட்டியவர்கள் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நாட்டில் சரக்கு லாரிகளுக்கு நல்ல ஓட்டுநர்கள் கிடைப்பதில்லை என்ற குறை எங்கும் கேட்கிறது. பனி மூடிய கணவாய்களில் பல ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவர் ஊர்ச் சாலையில் ஓட்ட முடியாதா என்று கேட்பதும் இயல்பே. ஆனால் நடைமுறையில் இந்த மாற்றம் அவ்வளவு நேரானது அன்று. சட்டம், வண்டி, பாரம், சாலை, கூலி, கடன் ஆகிய ஆறு துறைகளிலும் படை வாழ்க்கைக்கும் லாரித் தொழிலுக்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடுகளைச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய உறவு

படைக்கும் லாரித் தொழிலுக்கும் உள்ள உறவு புதியதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் இந்தியப் படையின் எண்ணிக்கை 25 லட்சத்தை எட்டியிருந்தது. அதற்கு முன் மோட்டார் வண்டியைத் தொட்டே அறியாத கிராமத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் படையின் வழங்கல் பிரிவில் சேர்ந்து ஓட்டுநர்களாகவும் மெக்கானிக்குகளாகவும் பயிற்சி பெற்றனர். போர் முடிந்ததும் ஆட்குறைப்பு நடந்தது. போருக்கென வாங்கப்பட்ட லாரிகளும் உபரியென்று விற்கப்பட்டன. வேலையிழந்த ஓட்டுநரும் விலைக்கு வந்த லாரியும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்ததனால், நாட்டின் சாலைச் சரக்குப் போக்குவரத்திற்கு அது ஒரு தொடக்க உந்துதலாக அமைந்தது. அக்காலத்தில் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதி. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோதுதான் அது பிரிந்தது. மாகாணத்தின் வடாற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து படைக்குச் செல்லும் வழக்கம் எல்லையின் இருபுறமும் இன்றும் தொடர்கிறது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு படைவீரரை அனுப்பிய ஊர் என்று பெயர் பெற்றிருப்பது இதற்கு ஒரு சான்று.

ஆயினும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஓட்டத் தெரிந்தவரே அரிது. அதனால் படையிலிருந்து வந்தவரை உரிமையாளர்கள் தேடிச் சென்று அழைத்தனர். இன்று ஓட்டத் தெரிவது மட்டும் போதாது. சட்டம் விரிந்துள்ளது, வண்டிகள் பெருத்துள்ளன, சரக்கின் நேரக் கணக்கும் நெருக்கமாகியுள்ளது.

மாவட்டமும் அதன் சரக்கும்

1911இல் அமைக்கப்பட்ட பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4இல் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எனினும் சாலைகளைப் பொறுத்தவரை இது ஒரே நிலப்பகுதியே. பெங்களூரிலிருந்து முள்பாகல், பலமனேர் வழியாக வரும் சாலையும், கடப்பைப் பக்கமிருந்து பீலேர் வழியாக வரும் சாலையும், திருப்பதியிலிருந்து பூதலப்பட்டு வழியாக வரும் சாலையும் சித்தூரை நாடி வந்து, ராணிப்பேட்டை, வேலூர் நோக்கிச் செல்கின்றன. திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவிலிருந்து ஒரு கிளை திருத்தணி வழியே சென்னைக்கும், மற்றொன்று காளத்தி, நாயுடுபேட்டை வழியே கடற்கரை நெடுஞ்சாலைக்கும் செல்கின்றன. மூன்று மாநிலங்களின் சரக்கு இங்கே ஒன்றையொன்று கடக்கிறது.

இச்சாலைகளில் செல்லும் சரக்கும் பலவகைப்பட்டது. சித்தூரைச் சுற்றியுள்ள தோட்டங்களின் தோத்தாபுரி மாம்பழம் கோடையில் கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிச் சந்தையின் தக்காளி பல மாநிலங்களுக்கும் ஏற்றப்படுகிறது. பால் பண்ணைகளின் டேங்கர்கள் நாள்தோறும் ஓடுகின்றன. குப்பம் பகுதிக் கருங்கல், கரகம்பாடியில் தயாராகும் மின்கலங்கள், தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைப் பொருள்கள், கிருஷ்ணபட்டினம் துறைமுகத்திற்குச் செல்லும் சரக்குகள் என வேலைக்குக் குறைவில்லை. அழுகும் பண்டமும் அசையாத கல்லும் ஒரே சாலையில் செல்கின்றன. இரண்டையும் ஏற்றிச் செல்லும் முறை ஒன்றல்ல.

உரிமம்: ஒரே சட்டத்தின் இரு பிரிவுகள்

படையிலிருந்து வருபவர் முதலில் சந்திப்பது உரிமச் சிக்கலை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 18ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்புப் பணிக்கென மத்திய அரசுக்குச் சொந்தமாக உள்ள வண்டிகளை ஓட்டத் தனி உரிமம் வழங்க வகை செய்கிறது. அது நாடு முழுவதும் செல்லும். ஆனால் அதே பிரிவின் 3ஆம் உட்பிரிவு, அவ்வுரிமத்தைக் கொண்டு அத்தகைய வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டியையும் ஓட்ட உரிமையில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. எனவே பதினைந்து ஆண்டுகள் லாரி ஓட்டியவரும் படையைவிட்டு வெளிவந்த நாளில், சட்டத்தின் கண்ணில் சரக்கு லாரி ஓட்ட உரிமம் அற்றவரே. இதை அறியாமல் பழைய உரிமத்தை நம்பி ஓட்டுபவர் விபத்தில் சிக்கினால், காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் இடர் நேரும். பாதிக்கப்பட்டவரின் குடும்பமும் உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருசேர வழக்கில் அலைய நேரும்.

ஆயின் அதே சட்டம் மற்றொரு கதவைத் திறந்தும் வைத்துள்ளது. 9ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில் உள்ள விதிவிலக்கின்படி, 18ஆம் பிரிவின் கீழ் ஒரு வகை வண்டிக்கு உரிமம் வைத்திருப்பவரோ வைத்திருந்தவரோ அதே வகைக்குப் பொது உரிமம் கேட்கும்போது, ஓட்டுத் தேர்வு தேவையில்லை. இச்சலுகையின் பயனைப் பெறுவதற்கு முக்கியமானது 'அதே வகை' என்னும் சொற்கள்தாம். படைச் சான்றில் இலகு வண்டி என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், கனரக வண்டிக்கு அது உதவாது. ஆகவே பணி முடியும் முன்னரே, தாம் ஓட்டிய வண்டியின் வகை, எடை, ஓட்டிய காலம் ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பட்ட சான்றைத் தம் பிரிவு அலுவலகத்தில் கேட்டுப் பெறுவது இன்றியமையாதது. வீடு வந்து சேர்ந்தபின் அதைப் பெறக் கடிதம் எழுதிக் காத்திருப்பது வீண் அலைச்சல்.

தேர்வு விலக்கு என்பது மற்ற நிபந்தனைகளிலிருந்து விலக்கு ஆகாது. போக்குவரத்து வண்டிக்கு உரிமம் கேட்பவர் மருத்துவச் சான்று தரவேண்டும். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியின் ஓட்டுச் சான்று பற்றி 9ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு கூறுகிறது. தம் வகையில் அது எவ்வாறு பொருந்தும் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டறிவது நல்லது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டின் திருத்தத்திற்குப் பின், போக்குவரத்து வண்டி உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்ந்தது. எரிபொருள், அமிலம் போன்ற அபாயச் சரக்கு ஏற்றுவோருக்கு அது மூன்று ஆண்டு, தனிப் பயிற்சியும் வேண்டும். இலகு வண்டி உரிமம் உடையவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 6இல் தீர்ப்பளித்தது. கனரக உரிமம் கைக்கு வரும்வரை சிறு சரக்கு வண்டியில் தொழிலைத் தொடங்க விரும்புவோர்க்கு இத்தீர்ப்பு பயனுடையது.

வண்டியும் பாரமும்

படையில் நெடுங்காலம் புழங்கிய சக்திமான் லாரி 1959 முதல் ஜபல்பூரில் தயாரிக்கப்பட்டது. பின்னர் அதன் இடத்திற்கு ஸ்டாலியன் லாரி வந்தது. பாதையற்ற நிலத்தில் 5 டன்னும் நல்ல சாலையில் 7.5 டன்னும் சுமக்கக்கூடிய வண்டி அது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும். மணலிலும் சேற்றிலும் பனியிலும் நிற்காமல் செல்வதே அதன் சிறப்பு. வணிக லாரியின் நோக்கம் வேறு. குறைந்த டீசலில் மிகுந்த பாரத்தைத் தார்ச்சாலையில் கொண்டு செல்வதற்காக அது கட்டப்பட்டது. மூன்று ஆக்சில் லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018 ஜூலையில் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. இழுவை லாரிகள் இதனினும் மிகுந்த எடை கொண்டவை. படை லாரியின் பாரத்திற்குப் பழகிய கைக்கும் காலுக்கும், இவ்வெடை நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும், வளைவில் பின்பகுதி உள்ளே வெட்டும் அளவும் புதியவை. இவற்றை முதல் சில மாதங்களில் அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவருடன் சென்று பழகுவதே முறை.

சரக்கின் தன்மையும் கற்கவேண்டிய பாடமே. பாதி நிரம்பிய பால் டேங்கரில், பிரேக் போடும்போது பால் முன்னோக்கி அலையாக மோதி வண்டியைத் தள்ளும். திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் சாய்க்கப் பார்க்கும். முழுவதும் நிரம்பிய டேங்கரைவிடப் பாதி நிரம்பியதே இவ்வகையில் ஆபத்தானது. கருங்கல்லின் இயல்பு வேறு. ஒரு கனமீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.6 முதல் 2.7 டன் எடையுள்ளது. பார்ப்பதற்கு வண்டியில் பாதி இடம் காலியாக இருக்கும், பாரமோ நிறைந்திருக்கும். ஆப்பும் சங்கிலியும் தளர்ந்தால் ஒற்றைக் கல் நகர்ந்தே வண்டியைக் கவிழ்த்துவிடும். தக்காளிக் கூடைகள் உயர்ந்து அடுக்கப்படுவதால் வண்டியின் எடை மையம் மேலே ஏறிவிடுகிறது. ராணுவத்தில் சுமையேற்றுவதற்கு ஒரு முறையும், அதைச் சரிபார்க்க ஓர் அதிகாரியும் உண்டு. இங்கே கயிற்றையும் தார்ப்பாயையும் இழுத்துப் பார்க்கும் கடைசிப் பொறுப்பு ஓட்டுநருடையதே.

அதிக பாரம் ஏற்றும்படி வற்புறுத்தப்படுவது இத்தொழிலின் பெருங்குறை. வரம்பை மீறினால் 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் திருத்தம் விதித்துள்ளது. எடைமேடைச் சீட்டைக் கேட்டுப் பெற்ற பின்னரே வண்டியை நகர்த்துவது என்ற பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்வது நலம்.

கணவாயில் இறங்குதல்

பலமனேர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் உள்ளது. சித்தூர் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில். இடையில் மொகிலி கணவாய். ஜோஜி லா போன்ற 3,500 மீட்டர் உயரக் கணவாய்களைக் கடந்தவருக்கு இது ஒரு மேடாகவே தோன்றக்கூடும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. 28.5 டன் எடையுள்ள லாரி 350 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 98 மெகாஜூல் அளவுடையது; ஏறத்தாழ 300 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதில் ஒரு பகுதியை டயர்களின் உராய்வும் காற்றின் தடையும் விழுங்கிக்கொள்ளும். எஞ்சியதை எஞ்சினிடம் விடுவதா, பிரேக்கிடம் விடுவதா என்பது ஓட்டுநரின் கையில் உள்ளது. மேட்டின் உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்தி இறங்குபவர் அவ்வெப்பத்தின் பெரும்பகுதியை எஞ்சினில் தணித்துவிடுகிறார். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்குபவரின் பிரேக் டிரம்கள் சூடேறி, மிகத் தேவையான வேளையில் பிடிப்பை இழக்கின்றன.

மலையில் இவ்வொழுங்கைப் படை ஓட்டுநர் கற்றிருப்பார். எனினும் அங்கே எதிர்வண்டிகளை நிறுத்திவைத்து ஒருவழியாக அனுப்பும் முறை உண்டு. வண்டிகளிடையே இடைவெளியும் வேகமும் கட்டளையால் வரையறுக்கப்படும். மொகிலியிலும், திருப்பதிக்கும் பீலேருக்கும் இடைப்பட்ட பாகராபேட்டைக் கணவாயிலும் அவ்வாறு இல்லை. பேருந்தும் டிராக்டரும் இருசக்கர வண்டியும் பாதயாத்திரை செல்வோரும் ஒரே சாலையில் உள்ளனர். 2022 மார்ச்சில் பாகராபேட்டையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்ததிலும், 2024 செப்டம்பரில் மொகிலியில் பேருந்தும் லாரியும் மோதியதிலும் பல உயிர்கள் பலியாயின. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர்.

இதற்கு மாறாக, ஒழுங்கு நிலவும் மலைச்சாலைக்குத் திருமலையே எடுத்துக்காட்டு. முதலாவது மலைச்சாலை 1944 ஏப்ரல் 10இல் திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாவது சாலை அமைந்தபின் ஏறுவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாகப் பிரிக்கப்பட்டன. ஏறும் வண்டிக்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்கும் வண்டிக்குக் குறைந்தது 40 நிமிடம் என்று காலவரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு முன்னதாக வந்து சேர்ந்தவர் வேகம் மீறியவராகக் கொள்ளப்படுவார். ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் வேண்டும் என்னும் உண்மையை இந்த எளிய விதி எவர்க்கும் விளங்கவைக்கிறது. லாரி ஓட்டுநர் தமக்குத் தாமே இத்தகைய காலவரம்பை விதித்துக்கொள்ளலாம்.

கட்டளையும் கூலியும்

படையில் ஓட்டுநரின் நாள் வண்டியைச் சரிபார்ப்பதில் தொடங்குகிறது. எண்ணெய், தண்ணீர், டயர், விளக்கு, பிரேக் ஆகியவற்றைப் பார்த்து ஏட்டில் குறித்த பின்னரே வண்டி புறப்படும். எங்கே செல்வது, எங்கே நிறுத்துவது, எங்கே உணவு என்பனவெல்லாம் முன்பே முடிவானவை. வண்டி பழுதானால் மீட்க ஆள் வருவர். சுங்கச் சாவடியில் படை வண்டிக்குக் கட்டணம் இல்லை. 1901ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் உண்டு. பெர்மிட், தகுதிச் சான்று, சரக்குச் சீட்டு என்ற கவலையும் இல்லை.

லாரித் தொழிலில் இவையனைத்தும் ஓட்டுநரின் தோளில் ஏறுகின்றன. பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, பெர்மிட், வரி, புகைச் சான்று ஆகியவற்றின் காலவரம்பை அவர் அறிந்திருக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கிற்கு 2018 ஏப்ரல் முதல் மின்னணு வழிச்சீட்டு, அதாவது ஈ-வே பில், தேவைப்படுகிறது. 2021 முதல் அதன் காலம் 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில் அமைந்தது. வழியில் வண்டி பழுதாகிக் காலம் கடந்தால் பொறுப்பு யாருடையது என்பதைப் புறப்படும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

வேலை நேரமும் அவ்வாறே. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரம்பு வகுத்தது. பிற்பாடு அது 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. ஆனால் லாரிகளின் பெரும்பகுதி ஓரிரு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களிடம் உள்ளது. அங்கே கூலி மாதக் கணக்கில் இல்லாமல் டிரிப் கணக்கில் பேசப்படுகிறது. வழிச்செலவிற்குப் பேட்டா தரப்படுகிறது. வண்டி ஓடினால்தான் வருவாய். 2025ஆம் ஆண்டு மாம்பழப் பருவத்தில் சித்தூர்ப் பகுதிக் கூழ் ஆலைகளின் வாயிலில் சுமை வண்டிகள் நீண்ட வரிசையில் காத்து நின்றன. இவ்வாறு காத்திருக்கும் நாளுக்குக் கூலி உண்டா என்பதை முன்பே கேட்காதவர் பிறகு கேட்டுப் பயனில்லை. வருவாய் ஓட்டத்தைப் பொறுத்தது என்றானதும் உறக்கத்தைக் குறைக்கும் ஆசை எழுகிறது. கட்டளையிட்டு உறங்கச் சொல்ல இங்கே எவரும் இல்லை. களைப்பை அறிந்து வண்டியை ஓரங்கட்டும் மனவுறுதி, படையில் கற்ற கடமையுணர்வின் வேறொரு வடிவமே.

முன்னாள் படைவீரர்க்கு இத்துறையில் சில தனிச் சாதகங்களும் உண்டு. வண்டிப் பராமரிப்பு, குறித்த நேரத்தில் சேர்தல், ஏட்டில் குறித்தல் ஆகியவை பழக்கமாகவே ஊறியிருக்கும். தெலுங்கும் தமிழும் வீட்டிலும் எல்லையிலும் பழகியவை; இந்தி படையில் கற்றது. மதனப்பள்ளித் தக்காளியை வடமாநிலச் சந்தைக்குக் கொண்டு செல்பவருக்கு இந்த மூன்று மொழிகளும் மூலதனத்திற்கு நிகரானவை.

எந்த வழி?

ஓய்வுபெற்ற ஓட்டுநர்முன் நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, அரசுப் பணி. மத்திய அரசின் சி பிரிவுப் பதவிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளது. படையில் பணியாற்றிய காலத்துடன் மூன்றாண்டும் வயது வரம்பில் கழிக்கப்படுகிறது. பணியிடங்கள் சிலவே என்பதால் காத்திருப்பு நீளும். இரண்டாவது, பால் பண்ணை, தொழிற்சாலை, சரக்கு நிறுவனம் போன்றவற்றில் மாதச் சம்பளம். மூன்றாவது, தனி உரிமையாளரிடம் டிரிப் கூலி. நான்காவது, சொந்த லாரி.

நான்காவது வழியே பலரை ஈர்க்கிறது. ஓய்வின்போது ஒரு பெருந்தொகை கைக்கு வருகிறது. அதை முன்பணமாகக் கட்டி, எஞ்சியதைக் கடனாகப் பெற்று லாரி வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் லாரி ஓட்டுதல் ஒரு தொழில். லாரி நடத்துதல் மற்றொரு தொழில். மாதத் தவணை, காப்பீடு, டயர், பழுது, சுங்கம், டீசல் ஆகியவை நிற்காமல் வரும் செலவுகள். சரக்கோ பருவத்திற்கேற்ப ஏறியிறங்கும். கோடையில் மாம்பழத்தால் ஓய்வின்றி ஓடும் வண்டி, பருவம் முடிந்ததும் புக்கிங் ஆபீஸ் வாயிலில் நிற்கலாம். திரும்பி வரும்போது சரக்கு கிடைக்காவிடில் போனதில் பெற்ற லாபமும் கரைந்துவிடும். குறைந்தது ஓராண்டு பிறர் லாரியை ஓட்டி, எந்தச் சரக்கு எந்த மாதத்தில் எந்த ஊருக்குச் செல்கிறது, வாடகை எவ்வளவு, திரும்புகால் சுமை எங்கே கிடைக்கும் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிய பின்னரே சொந்த வண்டி பற்றி முடிவெடுப்பது அறிவுடைமை. ஓய்வுத் தொகை முழுவதையும் ஒரே வண்டியில் போடுவது, பிள்ளைகளின் படிப்பையும் வீட்டையும் அந்த வண்டியின் சக்கரத்தில் கட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில், படையில் இரண்டாண்டுகள் கனரக வண்டியைப் பழுதின்றி ஓட்டியவருக்கு வணிக உரிமத்திற்கான ஓட்டுத் தேர்விலிருந்து மாநிலங்கள் விலக்களிக்கலாம் என்று 2011இல் விதி செய்யப்பட்டது. பின்னர் 2018இல் எழுத்துத் தேர்வு விலக்கிற்கும் வழி செய்யப்பட்டது. பிரிட்டனில் லெக்கன்பீல்டு என்னுமிடத்தில் உள்ள படைப் போக்குவரத்துப் பள்ளி, தன் மாணவர்களைப் பொது உரிமத்திற்கே பயிற்றுவிக்கிறது. ஆகவே வெளிவரும் நாளில் அவர்கள் கையில் நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறது. முதல் முறை தேர்வைத் தவிர்க்கிறது. இரண்டாவது முறை இரு உரிமங்கள் என்ற பிரிவினையையே தவிர்க்கிறது. நமது சட்டம் முதல் முறையை ஒத்தது.

செய்யத்தக்கவை

இப்பிரச்சினை இனி மேலும் பெரிதாகக் கூடும். 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேர்ந்த வீரர்கள் நான்காண்டு பணி செய்கின்றனர். அவர்களுள் நிலையான பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் நூற்றுக்கு 25 பேர் வரை என அறிவிக்கப்பட்டது. முதல் தொகுதியின் நான்காண்டு 2026ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி நிறைவடைகிறது. எஞ்சியோர் ஓய்வூதியமின்றி, ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன், இளம் வயதிலேயே வெளிவருவர். கையில் தொகையும் இளம் வயதும் உள்ள இவர்களுக்கு, அவசரப்பட்டு வண்டி வாங்க வேண்டாம் என்ற அறிவுரை இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள, டி.ஜி.ஆர். எனப்படும் மறுவேலைவாய்ப்புத் தலைமை இயக்ககமும், சித்தூரிலுள்ள மாவட்டச் சைனிக் நல அலுவலகமும் இப்பணியில் ஏற்கெனவே ஈடுபட்டுள்ளன. அவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகமும் லாரி உரிமையாளர் சங்கங்களும் இணைந்தால் சில பணிகளை அதிகச் செலவின்றிச் செய்யலாம்.

முதலாவது, விடுவிப்புச் சான்றுடன், ஓட்டிய வண்டியின் வகையையும் எடையையும் குறிக்கும் சான்றை ஒரே படிவத்தில் எல்லாப் பிரிவுகளும் தருவது. இரண்டாவது, படை உரிமத்தைப் பொது உரிமமாக மாற்றித் தர மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குவது. மூன்றாவது, ஒரு குறுகிய இணைப்புப் பயிற்சி. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மையங்களில் கனரக வண்டிப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரமாக அமைந்துள்ளது. ஓட்டத் தெரிந்த முன்னாள் வீரருக்கு அதில் முழுவதும் தேவைப்படாது. வணிக லாரியின் பாரம், கணவாயில் இறங்குதல், ஆவணங்கள், வாடகைக் கணக்கு ஆகியவற்றை மட்டும் கற்பிக்கும் சில நாள் பயிற்சி போதுமானது. நான்காவது, நிறுவனங்கள் மாதச் சம்பளமும் ஓய்வு நேரமும் எழுத்தில் உறுதி செய்தல். புதிய லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று 2025 அக்டோபர் முதல் விதிக்கப்பட்டது, ஓட்டுநரின் உடல்நலமும் சாலைப் பாதுகாப்பும் ஒன்றே என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

படைவீரரை ஓட்டுநராக்க அரசு ஏற்கெனவே செலவு செய்துள்ளது. அந்தத் திறமை ஒரு சான்றிதழ் குறைவினாலும், சில நாள் பயிற்சி இன்மையினாலும், அவசரக் கடனினாலும் வீணாவது தனிமனிதருக்கு மட்டுமன்றி நாட்டிற்கும் இழப்பு. மதனப்பள்ளித் தக்காளி அழுகாமல் சந்தை சேர்வதும், மொகிலி கணவாயில் எதிரே வரும் பேருந்துப் பயணிகள் பத்திரமாக வீடு சேர்வதும் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவரைப் பொறுத்தவை. அவ்விருக்கைக்குத் தகுதியான ஒருவர் படையிலிருந்து திரும்பி வரும்போது, அவர் அதில் அமர்வதற்கான வழியைச் செப்பம் செய்து வைப்பது நம் கடமை.